7,20,720ஐ எத்தனை கூறு போடலாம்?

போன மாசம் எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல அந்த 2520 ஃபார்வர்டு மறுபடியும் வந்துச்சு. உங்களுக்கும் வந்திருக்கும். 1லேருந்து 10 வரைக்கும் எதால வகுத்தாலும் மீதி வராத ஒரே நம்பர் 2520தான், அத கண்டுபிடிச்சது நம்ம ராமானுஜன், 7 நாள் × 30 நாள் × 12 மாசம் = 2520, அதுதான் அதோட ரகசியம்னு போகும் அந்த மெசேஜ். தங்கச்சிமடத்துல இருக்கற எங்க அக்கா மக, எட்டாவது படிக்கிறா, அத படிச்சிட்டு எனக்கு ஃபோன் பண்ணி "மாமா, இது நெசமா?"ன்னு கேட்டா. பாதி நெசம், பாதி தப்புன்னு சொன்னேன். ஃபோன்ல விளக்க முடியல, அந்த ஞாயித்துக்கிழமை நேர்லயே போய் உட்கார்ந்தோம். அன்னைக்கு பேசினதத்தான் இங்க எழுதறேன், ஏன்னா ராமானுஜன் இதுல செஞ்சது அந்த ஃபார்வர்டு சொல்றதவிட ரொம்ப பெருசு, அது யாருக்கும் தெரியாம போறது எனக்கு நெஜமாவே வருத்தமா இருக்கு.

2520 சின்ன நம்பர். அதோட அண்ணன் ஒருத்தன் இருக்கான், 7,20,720. ஏழு லட்சத்து இருபதாயிரத்து எழுநூத்தி இருபது. இவன் 10 வரைக்கும் இல்ல, 1லேருந்து 16 வரைக்கும் எதால வகுத்தாலும் மீதியில்லாம போவான். இவன வச்சே பார்ப்போம்.

கூறு போடறது

கரையில கூறு போடறத பார்த்திருப்பீங்க. எங்க மச்சான் நாட்டுப்படகுல போறவரு. விக்கறதுக்கு போனது போக, வீட்டுக் குழம்புக்குன்னு ஒதுக்கினத சாக்க விரிச்சு கொட்டி, எத்தன பேர் போனாங்களோ அத்தன கூறா பிரிப்பாங்க. 60 நண்டு இருக்குன்னு வைங்க. 5 பேர்னா ஆளுக்கு 12, சண்ட இல்ல. 6 பேர்னா 10, அதுவும் சரி. 7 பேர் வந்துட்டா ஆளுக்கு 8 போட்டுட்டு 4 நண்டு சாக்குல மிச்சம் கிடக்கும், அந்த நாலுக்குத்தான் பேச்சு வரும்.

மிச்சமில்லாம எத்தன கூறு போட முடியுமோ அந்த நம்பருக்கு பேரு காரணி. 60க்கு 5 காரணி, 6 காரணி, 7 காரணி இல்ல. மிச்சம் கிடக்குதே, அது மீதி. அவ்வளவுதான், இந்த ரெண்டு வார்த்தை போதும் பாதி தூரம் போக.

இப்ப 7,20,720 நண்டு இருக்குன்னு நினைச்சுக்கங்க (அவ்வளவு நண்டு ஒரே நாள்ல வந்தா கரையே கொள்ளாது). ரெண்டு பேரா, ஏழு பேரா, பதிமூணு பேரா, பதினாறு பேரா, யாரு வந்தாலும் மிச்சமில்ல. தேவிபட்டினம் நவபாஷாணத்துல 9 கல்லு, கல்லுக்கு 80,080னு சரியா வைக்கலாம். ராமேஸ்வரம் கோயில்ல 22 தீர்த்தம், தீர்த்தத்துக்கு 32,760. ஆனா அதே கோயில் மூணாம் பிரகாரத்துல 1212 தூண் இருக்கே, அங்க தூணுக்கு இவ்வளவுன்னு பிரிக்க முடியாது, மிச்சம் வரும். 22க்கு போச்சு, 1212க்கு ஏன் போகல? பெரிய நம்பர்ங்கறதாலயா? இல்ல. அதுக்கு நம்பருக்கு உள்ள என்ன சரக்கு இருக்குன்னு பார்க்கணும்.

உள்ள இருக்கற சரக்கு

சில நம்பர ஒரே கூறு, இல்லனா ஒண்ணொண்ணா அத்தன கூறு, இப்படி ரெண்டு விதமாத்தான் பிரிக்கலாம், நடுவுல வழியே கிடையாது. 2, 3, 5, 7, 11, 13 இதெல்லாம் அப்படி. இதுக்கு பேரு பகா எண். 1ஐ இதுல சேர்க்கறதில்ல. மத்த எல்லா முழு எண்ணையும் பகா எண்கள பெருக்கி உண்டாக்கிடலாம், அதுவும் ஒரே ஒரு விதத்துலதான். 60னா 2 × 2 × 3 × 5. நீங்க 6 × 10னு ஆரம்பிச்சு உடைங்க, நான் 4 × 15னு ஆரம்பிச்சு உடைக்கறேன், கடைசியில ரெண்டு பேர் கையிலயும் அதே ரெண்டு 2, ஒரு 3, ஒரு 5தான் இருக்கும். எனக்கு கணக்குல ரொம்ப பிடிச்ச விஷயமே இதுதான், எத்தன தடவ பார்த்தாலும் அலுக்கல.

7,20,720ஐ உடைச்சா இதான் வருது:

2 × 2 × 2 × 2 × 3 × 3 × 5 × 7 × 11 × 13

மொத்தம் பத்து பகா எண். இப்ப 22க்கு என்ன சரக்கு வேணும்? ஒரு 2, ஒரு 11. ரெண்டும் உள்ள இருக்கு, அதனால போகுது. 1212க்கு? 2 × 2 × 3 × 101. மத்ததெல்லாம் இருக்கு, அந்த 101 இல்ல. கதை முடிஞ்சுது. இதுல இன்னொரு வேடிக்கை, நம்ம பழைய பின்ன வாய்ப்பாட்டுல காணின்னா 80ல ஒரு பங்கு, முந்திரின்னா 320ல ஒரு பங்கு. 7,20,720ல ஒரு காணி எவ்வளவுன்னு கேட்டா 9009னு சுத்தமா வரும். ஒரு முந்திரி எவ்வளவுன்னு கேட்டா 2252 போக கால் ஒட்டிக்கிட்டு நிக்கும். 320க்கு ஆறு 2 வேணும், நம்மகிட்ட நாலுதான் இருக்கு. ஆக பகா எண் உள்ள இருந்தா மட்டும் போதாது, எத்தன தடவ இருக்குங்கறதும் முக்கியம்.

இதுவரைக்கும் பார்த்தது: காரணின்னா மிச்சமில்லாம போடற கூறு. ஒரு நம்பர் இன்னொன்ன மிச்சமில்லாம வகுக்குமான்னு தெரிய, அதுக்கு வேணுங்கற பகா எண் எல்லாம் தேவையான தடவ உள்ள இருக்கான்னு பார்த்தா போதும்.

2520 எப்படி 7,20,720 ஆச்சு

மூணு படகு. ஒண்ணு ரெண்டு நாளைக்கு ஒருக்க கடலுக்கு போகுது, ஒண்ணு மூணு நாளைக்கு ஒருக்க, ஒண்ணு நாலு நாளைக்கு ஒருக்க. இன்னைக்கு மூணும் சேர்ந்து போச்சுன்னா மறுபடி மூணும் சேர்ந்து போறது என்னைக்கு? எல்லாரும் 2 × 3 × 4 = 24 நாள்னுதான் முதல்ல சொல்லுவாங்க, அக்கா மகளும் அதத்தான் சொன்னா. ஆனா 12ஆம் நாளே மூணும் ஒண்ணா கிளம்பிடும், ஏன்னா நாலு நாள் படகு போற நாளெல்லாம் ரெண்டு நாள் படகும் எப்படியும் போகும், அதுக்குன்னு தனியா ஒரு 2 வைக்க வேண்டியதில்ல. இப்படி எல்லாத்துக்கும் பொதுவா வர்ற சின்ன நம்பருக்கு மீச்சிறு பொது மடங்குன்னு பேரு, ஸ்கூல்ல மீ.சி.ம.ன்னு படிச்சதுதான்.

2520ங்கறது 1லேருந்து 10 வரைக்கும் உள்ள நம்பரோட மீ.சி.ம. அதுல ரகசியம் எதுவும் இல்ல. 8க்காக மூணு 2, 9க்காக ரெண்டு 3, அப்புறம் ஒரு 5, ஒரு 7, பெருக்கினா 2520. "ஒரே நம்பர்"ங்கறதும் தப்பு, 5040, 7560, 10,080ன்னு 2520ஓட மடங்கு எல்லாமே அப்படித்தான் போகும், முடிவே கிடையாது. இதுல சின்ன நம்பர் 2520, அவ்வளவுதான் சொல்லலாம். அந்த 7 × 30 × 12 கணக்கு? 30ங்கறது 2 × 3 × 5, 12ங்கறது 2 × 2 × 3, கூட ஒரு 7. எல்லாத்தையும் கொட்டி எண்ணினா அதே மூணு 2, ரெண்டு 3, ஒரு 5, ஒரு 7. கணக்கு சரி, ஆனா அதுக்கு மேல அதுல ஒண்ணும் ஒளிஞ்சிருக்கல.

இப்ப 10ஐ தாண்டி போவோம். 11 வரைக்கும் வேணும்னா 2520ல 11 இல்ல, பெருக்கணும், 27,720 ஆச்சு. 12? அதுக்கு வேண்டிய 2, 2, 3 ஏற்கனவே இருக்கு, ஓசியில வந்துடும். 13 புது பகா எண், மறுபடி பெருக்கணும், 3,60,360. 14ம் 15ம் ஓசி. 16க்கு வந்தாத்தான் நாலு 2 வேணும், நம்மகிட்ட மூணுதான் இருக்கு, ஒரு 2 மட்டும் சேர்த்தா போதும், 7,20,720. ஒவ்வொரு நம்பருக்கும் கூடிக்கிட்டே போகல பாருங்க, 11, 13, 16னு சில இடத்துல மட்டும் ஒரு தாவு தாவுது, நடுவுல சும்மா நிக்குது. இதே 1லேருந்து 16 வரைக்கும் எதையும் யோசிக்காம அப்படியே பெருக்கியிருந்தா 20 லட்சம் கோடிக்கு மேல போயிருக்கும். தேவைக்கு மட்டும் எடுத்ததுல ஏழு லட்சத்துல முடிஞ்சுது.

17ல இவன் மாட்டிக்குவான். 17 × 42,395 = 7,20,715, மீதி 5. அதையும் சேர்க்கணும்னா 17ஆல பெருக்கி 1,22,52,240க்கு போகணும், அங்க போயிட்டா 18 ஓசி.

720 ஏன் ரெண்டு தடவ வருது

அக்கா மக கேட்ட நல்ல கேள்வி இது. 720 720, ஒரே நம்பர ரெண்டு தடவ எழுதின மாதிரி இருக்கே, அது எப்படின்னு. காரணம் 1001. மூணு இலக்க நம்பர் எதையாவது 1001ஆல பெருக்குங்க, அதே நம்பர் ரெண்டு தடவ வரும், ஏன்னா ஆயிரம் தடவையும் இன்னொரு தடவையும் சேர்ந்ததுதான் 1001 தடவ. 1001ஐ உடைச்சா 7 × 11 × 13. நம்ம பத்து பகா எண்ல 7, 11, 13ஐ தனியா எடுத்தா 1001, மிச்சம் இருக்கற 2 × 2 × 2 × 2 × 3 × 3 × 5 பெருக்கினா 720. அதான் 720 × 1001.

இத வச்சு பிள்ளைகளுக்கு ஒரு வித்தை காட்டலாம். ஏதாவது மூணு இலக்க நம்பர் நினைக்கச் சொல்லுங்க, அவ 385 நினைச்சா. ரெண்டு தடவ எழுதச் சொல்லுங்க, 385385. 7ஆல வகு, 55,055. 11ஆல வகு, 5005. 13ஆல வகு. அந்த கடைசி கோட்டுக்கு கீழ 385னு எழுதும்போது அவ பேனா அப்படியே நின்னுச்சு. உடனே 999 போட்டு பார்த்தா, 100 போட்டு பார்த்தா, அப்புறம் எங்க அக்காகிட்ட போய் அத வச்சே காட்டிட்டு வந்தா.

மொத்தம் எத்தன காரணி

1லேருந்து 16 வரைக்கும் 16 காரணி, சரி. மொத்தம் எத்தன? 240. ஒண்ணொண்ணா வகுத்து எண்ண வேண்டியதில்ல, பை கட்டற கணக்கு தெரிஞ்சா போதும்.

வீட்டுல 3 தேங்காயும் 2 கருப்பட்டியும் இருக்கு. விருந்தாளிக்கு ஒரு பை கட்டணும், எவ்வளவு வேணா வைக்கலாம், வைக்காமயும் விடலாம். தேங்கா 0, 1, 2, 3ன்னு நாலு விதமா வைக்கலாம். கருப்பட்டி 0, 1, 2ன்னு மூணு விதம். ஆக 4 × 3 = 12 விதமான பை. இப்ப தேங்காய்க்கு பதிலா 2, கருப்பட்டிக்கு பதிலா 3ன்னு நினைச்சுக்கங்க. 2 × 2 × 2 × 3 × 3 = 72. அதோட காரணி ஒவ்வொண்ணும் ஒரு பை. 1, 2, 3, 4, 6, 8, 9, 12, 18, 24, 36, 72. எண்ணிப் பாருங்க, 12தான். பையில ஒண்ணுமே வைக்கலன்னா அதுதான் 1.

7,20,720ல நாலு 2 இருக்கு, 5 விதம். ரெண்டு 3, 3 விதம். 5, 7, 11, 13 ஒவ்வொண்ணும் ஒண்ணு ஒண்ணு, வைக்கலாம் இல்ல விடலாம், 2 விதம். 5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240.

இதுல ஒரு தப்பான நினைப்பு எல்லாருக்கும் இருக்கு, நம்பர் இரட்டிச்சா காரணியும் இரட்டிக்கும்னு. 14,41,440 எடுத்துக்கங்க, இவனோட ரெண்டு மடங்கு. அஞ்சு 2 ஆயிடுச்சு, 5 விதம் 6 விதமாச்சு, அவ்வளவுதான், காரணி 288. 480 இல்ல.

இங்கதான் ராமானுஜன் வர்றார்

நம்ம பழைய பாம்பன் ரயில் பாலம் திறந்தது 1914 பிப்ரவரி. அடுத்த மாசம், மார்ச்சுல, ராமானுஜன் மெட்ராஸ்ல கப்பல் ஏறி கேம்பிரிட்ஜுக்கு போனார். ஈரோட்டுல பொறந்து கும்பகோணத்துல வளர்ந்தவரு, அப்ப வயசு 26. அங்க போய் 1915ல ஒரு நீளமான கட்டுரை போட்டார். அதுல அவர் கேட்டது 10 வரைக்கும் எது வகுபடும்ங்கற கேள்வி இல்ல. தனக்கு கீழ இருக்கற எந்த நம்பரவிடவும் கூடுதலா காரணி வச்சிருக்கற நம்பர் எதெல்லாம், அதுங்களுக்கு உள்ள என்ன ஒழுங்கு இருக்குங்கறதுதான் அவரோட கேள்வி. இந்த மாதிரி நம்பருக்கு ஹைலி காம்போசிட் நம்பர்னு பேரு. 12, 24, 60, 360 எல்லாம் இந்த சாதிதான், நாள், மணி, வட்டம்னு மனுஷன் அளக்கற இடத்துலயெல்லாம் இதுங்க வந்து உட்கார்ந்திருக்கறது பிரிக்க தோதா இருக்கறதாலதான். 2520ம் இதுல உண்டு, 48 காரணி. 7,20,720ம் உண்டு. இவனுக்கு முன்னாடி 6,65,280 வரைக்கும் வந்தா 224தான், இவன்தான் முதல்ல 240ஐ தொட்டவன், பத்து லட்சத்துக்குள்ள 240ஐ தாண்டின நம்பரே கிடையாது.

அவர் காட்டின ஒழுங்குல ஒண்ண மட்டும் சொல்றேன், இது எட்டாவது பிள்ளைக்கே புரியும். இந்த மாதிரி நம்பர உடைச்சா 2தான் அதிக தடவ வரும், 3 அதுக்கு சமமா இல்ல கம்மியா, 5 அதவிட கூடாது, இப்படி இறங்கிக்கிட்டே போகும், ஏறவே ஏறாது. ஏன்? ஒரு 2ம் ரெண்டு 3ம் இருந்தா 18. அத மாத்தி ரெண்டு 2, ஒரு 3 போட்டா 12. காரணி ரெண்டுக்கும் 6தான், ஆனா நம்பர் சின்னதாயிடுச்சு. அதே அளவு காரணிய சின்ன நம்பர்லயே வாங்க முடியும்போது பெரிய நம்பர் எப்படி முதலிடம் வாங்கும்? இன்னொண்ணும் சொன்னார், கடைசியா வர்ற பகா எண் ஒரே ஒரு தடவதான் வரும், 4ம் 36ம் மட்டும் விதிவிலக்கு. 7,20,720ல கடைசி 13, ஒரு தடவதான் இருக்கு, பார்த்துக்கங்க.

அந்த கட்டுரைல ஒரு பட்டியலும் இருக்கு, 6 லட்சத்து 74 ஆயிரம் கோடியையும் தாண்டி போகுது, கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல. அத்தனையிலயும் விட்டுப்போனது ஒரே ஒரு நம்பர், 29,331 கோடி சொச்சத்துல இருக்கற 293318625600. இந்த வேலைக்குத்தான் 1916 மார்ச்சுல கேம்பிரிட்ஜ் அவருக்கு பட்டம் கொடுத்துச்சு. இவ்வளவு செஞ்ச மனுஷன 2520ஐ கண்டுபிடிச்சவர்னு சுருக்கி ஃபார்வர்டு பண்ணா மனசு ஆறல.

பக்கத்து வீட்டு நம்பர்கள்

கடைசியா இது. பெரிய நம்பர்னா காரணி நிறைய இருக்கும்னு ஒரு கூட்டம் சொல்லும். அப்ப இவனுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒட்டி இருக்கற ரெண்டு பேர பாருங்க. 7,20,719ங்கறது 31 × 67 × 347, காரணி மொத்தமே 8. 7,20,721க்கு வெறும் 4. நடுவுல இருக்கறவனுக்கு 240. ஒண்ணு கூடினதும் ஒண்ணு குறைஞ்சதும் உள்ள இருக்கற சரக்கையே மொத்தமா மாத்திடுச்சு.

அந்த 7,20,721ஐ, அதுக்கு எத்தன காரணின்னு சொல்லாம, அக்கா மககிட்ட ஒரு தாள்ல எழுதி கொடுத்தேன். "இது பகா எண்ணா?"ன்னு கேட்டேன். உடனே ஆமான்னா. 2லேருந்து 16 வரைக்கும் எதால வகுத்தாலும் மீதி 1 வரும், 7,20,720ஓட ஒண்ணு கூடதானே இருக்கு, அப்ப எதாலயும் போகாதுன்னு சொன்னா. நல்ல யோசனை, ஆனா பாதிதான் சரி. 16 வரைக்கும் போகாதுங்கறது உறுதி, அதுக்கு மேல யாரும் உறுதி கொடுக்கல. பெரியவங்களே விழற இடம் இது.

சரி பார்க்கறேன்னு உட்கார்ந்தா. 17, மீதி 6. 19, மீதி 13. 23, மீதி 16. 29, 31, 37னு ஒவ்வொரு பகா எண்ணா தாள் பின்பக்கமெல்லாம் வகுத்துக்கிட்டே போனா, நடுவுல கரண்ட் போயி திண்ணைக்கு வந்துட்டோம். பதினாலாவதா 71 வந்துச்சு. மீதி 0. 71 × 10,151.

ஆன்லைன்ல பணம் அனுப்பறது, பாஸ்வேர்டு போறது, இதையெல்லாம் பூட்டி வைக்கற ஒரு முறை இந்த கஷ்டத்தத்தான் நம்பி இருக்கு. நூத்துக்கணக்கான இலக்கம் உள்ள ரெண்டு பகா எண்ண பெருக்கறது கம்ப்யூட்டருக்கு நொடிப் பொழுது, பெருக்கி வந்தத மட்டும் கொடுத்து உடைச்சு காட்டுன்னா பெரிய பெரிய மெஷினுக்கே முடியல. பெரிய நம்பர்ங்கறதால மட்டும் இல்ல, உள்ள சின்ன பகா எண் எதுவும் கைக்கு அகப்படாததாலதான். 7,20,720ஐ யாரு வேணா உடைக்கலாம், கடைசி 0ஐ பார்த்தே ஆரம்பிச்சிடலாம். 7,20,721 அந்த பூட்டோட குட்டி மாதிரி.

10,151 மட்டும் பாக்கி இருந்துச்சு, அது பகா எண்ணான்னு. 101 × 101 பத்தாயிரத்து இருநூத்தி ஒண்ணு ஆயிடுது, அதனால 100க்கு கீழ இருக்கற பகா எண்கள மட்டும் பார்த்தா போதும், ஒண்ணாவது போகணும்னா அதுக்குள்ளயே போயிருக்கும்னு சொன்னேன், 100க்குள்ள மொத்தம் 25 இருக்கு, பாருன்னேன். அவ பேனாவ எடுத்தா, நிறுத்தினா. "67 வரைக்கும் ஏற்கனவே பார்த்தாச்சே மாமா, அது எதாவது 10,151ஐ வகுத்தா 7,20,721ஐயும் வகுத்திருக்குமே, இன்னும் ஆறுதான் பாக்கி"ன்னா. நான் அத யோசிக்கவே இல்ல. 71, 73, 79, 83, 89, 97. தெருவிளக்கு வெளிச்சத்துல ஆறையும் போட்டு பார்த்தா. எதுவும் போகல.